இருபத்தொரு வயது கர்னல்

பையன் ஒருவனைக் கர்னலாக ஏற்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார் ஜெனரல் ராபர்ட் ரான்சம். 1862 ஆகஸ்ட், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். தென் மாநிலக் கூட்டமைப்புப் படையின் 26ஆவது வட கரோலினா ரெஜிமென்ட்டின் கர்னலாக இருந்த செபுலான் வான்ஸ் மாநில ஆளுநராகிப் போய்விட்டார். அடுத்த இடத்தில் இருந்த ஹென்றி கிங் பர்க்வினுக்கு வயது 20. சிப்பாய்கள் அவரைத்தான் கேட்டார்கள். கடைசியில் ரெஜிமென்ட்டையே ரான்சமின் பிரிகேடிலிருந்து ஜெனரல் பெட்டிக்ரூவின் பிரிகேடுக்கு மாற்றிவிட்டார்கள். பர்க்வின் கர்னலானார்.

ஓராண்டுக்கு முன் அவரைக் கரித்துக்கொட்டியவர்கள்தான் அந்தச் சிப்பாய்கள். விர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு, அங்கே பேராசிரியராக இருந்த ஸ்டோன்வால் ஜாக்சனிடம் நற்சான்றும் வாங்கி வந்த 19 வயதுக்காரர், குடியானவப் பிள்ளைகளை ஓயாமல் கவாத்து பழக வைத்தால் யாருக்குப் பிடிக்கும்? 1862 மார்ச்சில் நியூ பெர்னில் தோற்றுப் பின்வாங்கியபோது ஓர் ஓடை குறுக்கிட்டது. கிடைத்த படகுகளில் ஆட்களையெல்லாம் அக்கரை சேர்த்துவிட்டுக் கடைசியாகத்தான் பர்க்வின் கடந்தார். அதன்பின் முணுமுணுப்பு இல்லை.

இத்தனைக்கும் அவர் பிறந்தது வடக்கே, மாசசூசெட்ஸில். தாய் பாஸ்டன்காரர். ஆனால் வளர்ந்தது வட கரோலினாவில், நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்த தந்தையின் பண்ணையில். அந்த வாழ்வைக் காக்கத்தான் அவர் போருக்குப் போனார். அவரது வீரத்தைப் பாடுகிறவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

1863 ஜூலை 1, கெட்டிஸ்பர்க். வில்லோபி ஓடையைக் கடந்து, எதிர்க்கரை மேட்டுக் காட்டுக்குள் சுமார் 800 பேர் ஏறினார்கள். எதிரே வடக்குத் தரப்பின் 24ஆவது மிச்சிகன் ரெஜிமென்ட். மிகக் குறைந்த தூரத்தில் இரு தரப்பும் சுட்டுக்கொண்டன. ரெஜிமென்ட் கொடியை ஏந்தியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். படை வரிசை கொடியைப் பார்த்துத்தான் நகரும். அதைத் தூக்குகிறவன்தான் எதிரியின் முதல் குறி. பர்க்வினும் எடுத்தார். குண்டு நுரையீரலைத் துளைத்தது. சில மணி நேரத்தில் உயிர் போனது. அடுத்து எடுத்த லெப்டினன்ட் கர்னல் ஜான் லேனுக்குக் கழுத்தில் குண்டு, அவர் பிழைத்துக்கொண்டார். அன்று மட்டும் ரெஜிமென்ட் 500க்கும் மேற்பட்டோரை இழந்தது. மிச்சிகன்காரர்கள் 496 பேரில் 363 பேரை இழந்தார்கள்.

துப்பாக்கிப் பெட்டியில் வைத்து, ஒரு வால்நட் மரத்தடியில் பர்க்வினைப் புதைத்தார்கள். 1867இல் உடல் வட கரோலினாவின் ராலேக்கு மாற்றப்பட்டது.

முகாமில் அவருக்குப் பணிவிடை செய்தவர் கின்சியன் என்ற அடிமை. கர்னலின் உடைமைகளை வட கரோலினாவில் குடும்பத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. தென் மாநிலக் கூட்டமைப்பின் பிடியில் இருந்த அடிமைகளுக்கு லிங்கன் விடுதலை அறிவித்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

(தொடரும்)