வரைவியல் அட்டைகளின் விவரக்கூற்றும் செயலாற்றுகையும்: ஒப்பீட்டு முறையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கணனித் திரையிலே தோன்றும் காட்சிகளை ஆக்கித்தரும் உறுப்பு, கிராபிக்ஸ் காட் எனப் பேச்சு வழக்கில் வழங்கும் வரைவியல் அட்டையாகும். ஓர் அட்டையை மற்றோர் அட்டையோடு ஒப்பிட முற்படுவோருக்கு இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. ஒன்று, உற்பத்தியாளர் தாமே வெளியிடும் விவரக்கூற்று. மற்றையது, பிறர் சோதித்து அளந்த செயலாற்றுகை. சோழர் கல்வெட்டுகளை ஆராய்வோர் மெய்க்கீர்த்தியை ஒருவாறாகவும் அதனைத் தொடரும் நிவந்தச் செய்தியை வேறொருவாறாகவும் மதிப்பிடுவர். அத்தகைய பாகுபாடு இத்துறையிலும் படிப்படியாகவே உருவாயிற்று. விவரக்கூற்றை மட்டும் நம்பலாகாது என்பது இன்று பலரும் அறிந்ததே. ஆயின், அளந்து பெற்ற எண்ணும் அதேயளவு ஐயத்துக்குரியதாகலாம் என்பது போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை. 1981 தொடக்கம் 2015 வரையான காலப்பகுதியில் அவ்வாறு நேர்ந்தமையை இக்கட்டுரை ஆராய முயல்கின்றது.

தொடக்கத்தில் இச்சிக்கலுக்கு இடமிருக்கவில்லை. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியோடு வெளியிட்ட சி.ஜி.ஏ. என்னும் வண்ண அட்டை 16 கிலோபைற்று நினைவகத்தைக் கொண்டிருந்தது. கிடையாக 320, நிலைக்குத்தாக 200 என அமைந்த 64,000 படப்புள்ளிகளை அது நான்கு நிறங்களிற் காட்டிற்று. புள்ளியொன்றுக்கு இரண்டு பிற்று வீதம் 16,000 பைற்று வேண்டும். நினைவகம் அதற்கு மட்டுமட்டாகப் போதும். 1987இல் வந்த வி.ஜி.ஏ. 640க்கு 480 புள்ளிகளை 16 நிறங்களிற் காட்டியது. இவற்றை ஒப்பிடப் புள்ளிகளையும் நிறங்களையும் எண்ணுதலே போதுமாயிற்று. ஏட்டில் இருந்ததே திரையிலும் இருந்தது.

முப்பரிமாணக் காட்சிகளின் வருகையோடு இந்நிலை மாறியது. 1996இல் விற்பனைக்கு வந்த வூடூ அட்டைகளின் பின்னர், எத்தனை புள்ளி என்பதனை விட ஒரு செக்கனில் எத்தனை புள்ளி என்பதே வினாவாயிற்று. வேகம் கண்ணால் எண்ணக்கூடியதன்று. ஆகவே விவரக்கூற்று, காட்சியின் விவரணமாக இருந்த நிலை மாறி, வாக்குறுதியாயிற்று. 1998இல் என்விடியா நிறுவனத்தின் ரிவா ரி.என்.ரி. முன்னறிவிப்பில் 125 மெகாஹேர்ட்ஸ் எனக் கூறப்பட்டு, சந்தைக்கு வந்தபோது 90 ஆகக் குறைந்திருந்தது.

1999இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது. அதன் சில்லு 120 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கு நான்கு புள்ளிகளை வரையும். அதாவது செக்கனுக்கு 480 மில்லியன் புள்ளிகள். இவ்வெண் பொய்யன்று. ஆனால் வரைந்த புள்ளி நினைவகத்தைச் சென்றடைய வேண்டும். 32 பிற்று நிறத்தில், ஒரு புள்ளியின் நிறத்தை எழுத 4 பைற்று; அதன் ஆழத்தைப் படிக்க 4; மீள எழுத 4. ஆகமொத்தம் 12 பைற்று. 480 மில்லியன் புள்ளிகளுக்கு இது செக்கனுக்கு 5.76 கிகாபைற்று ஆகின்றது. முதலில் வந்த அட்டையின் நினைவகமோ 2.7 கிகாபைற்று அளவையே கடத்த வல்லது. சில வாரங்களின் பின் இருமடித் தரவு வீதத்தோடு வந்த மற்றைய அட்டை 4.8 கிகாபைற்று கடத்தியது. மேற்பரப்பு ஓவியங்களைப் படிக்கும் செலவைச் சேர்க்காமலே, முதலாவது அட்டை தனக்குரிய எண்ணின் அரைவாசியையும் எட்டமுடியாது. இரு அட்டைகளிலும் சில்லு ஒன்றே, துடிப்பு ஒன்றே, விளம்பரப்படுத்திய 480 மில்லியனும் ஒன்றே. 16 பிற்று நிறத்தில் அவற்றிடையே வேறுபாடு சிறிது. 32 பிற்றில், பெரிய திரையளவில், அது பெரிது. விவரக்கூற்றை முழுமையாகப் படித்தவருக்கு இவ்வுண்மை அதனுள்ளேயே கிடைத்திருக்கும் என்பதும் கூறப்படல் வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு நின்றவரே ஏமாந்தார்.

இத்தகைய அனுபவங்களால் ஆய்விதழ்கள் சோதனையை நாடின. 1999 டிசெம்பரில் வெளியான குவேக் 3 அரீனா என்னும் விளையாட்டில் பதிவுசெய்த ஒரே காட்சியை எல்லா அட்டைகளிலும் ஓடவிட்டு, செக்கனுக்கு எத்தனை சட்டகங்கள் எனக் கணக்கிடும் முறை பரவலாயிற்று. சோதனை எதுவென முன்கூட்டியே யாவரும் அறிந்திருந்தமை அதன் குறைபாடாகும். 2001இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தின் ரேடியோன் 8500 அட்டையைச் சோதித்தோர், விளையாட்டின் பெயரைக் குவேக் என்பதிலிருந்து குவாக் என மாற்றி ஓட்டியபோது வேகம் குறைந்து காட்சித் தரம் உயர்ந்ததைக் கண்டனர். அட்டையை இயக்கும் மென்பொருள், பெயரைக் கண்டு நடத்தையை மாற்றியிருந்தது. பெயர் மாற்றம் வெளிப்படுத்திய சான்று இது.

2003இல் நிகழ்ந்தது இதனிலும் பாரதூரமானது. பின்லாந்தைச் சேர்ந்த பியூச்சர்மார்க் நிறுவனம் 3டிமார்க்03 என்னும் சோதனை மென்பொருளை வெளியிட்டது. அதன் காட்சிகளில் நோக்குநிலை ஒரு குறித்த பாதையிலேயே நகரும். மே மாதத்தில், ஆய்வாளர் அப்பாதையை விட்டு விலகிப் பார்த்தபோது, என்விடியா அட்டைகளில் காட்சியின் சில பகுதிகள் ஒழுங்காக வரையப்படாதிருந்தமை தெரியவந்தது. பாதையிலிருந்து தெரியாதவற்றை வரையாது விட்டு வேகம் ஈட்டப்பட்டிருந்தது. சோதனையை அடையாளங்காண முடியாதவாறு திருத்திய பதிப்பிலே ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 வீதம் வீழ்ந்தது. ரேடியோன் 9800 புரோவின் வீழ்ச்சி 1.9 வீதம். ஆயினும் ஜூன் தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விடுத்தன. என்விடியாவின் செயல் ஏமாற்று அன்று, குறித்த பிரயோகத்துக்கான மேம்படுத்தலே என பியூச்சர்மார்க் அதிற் கூறிற்று. இவ்விளக்கத்தை ஏற்றல் கடினம். அதே படத்தைக் குறைந்த வேலையால் தருவது மேம்படுத்தல் எனலாம். சோதிப்பவர் எங்கு நோக்குவார் என முன்னறிந்து ஏனையவற்றைக் கைவிடுவது அவ்வகையின்பாற் படாது. விளையாடுவோன் தான் விரும்பிய திசையிற் பார்ப்பான். அவனுக்கு அந்த 24.1 வீதத்தால் எவ்வித பயனுமில்லை.

2011இல் ரெக் ரிப்போர்ட் இதழின் ஸ்கொட் வாசன் சராசரி என்னும் அளவையையே வினாவுக்குட்படுத்தினார். செக்கனுக்கு 60 சட்டகம் என்பது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கனில் வந்ததெனப் பொருள்படாது. இடையே சில நெடுநேரம் தாமதித்திருப்பினும் சராசரி அதனை மறைத்துவிடும்.

2014 செப்தெம்பரில் வெளியான ஜீபோர்ஸ் ஜி.ரி.எக்ஸ். 970 பழைய சிக்கலை மீளக் கொணர்ந்தது. 4 கிகாபைற்று நினைவகமும் 64 வரைவு அலகுகளும் உண்டென அறிவிக்கப்பட்டது. ஆய்விதழ்களும் அவ்வாறே எடுத்தெழுதின. 3.5 கிகாபைற்றுக்கு மேல் அட்டை நினைவகத்தைப் பயன்படுத்தத் தயங்குவதைக் கண்டுகொண்டவர்கள் அதனை வாங்கிய சாதாரண பாவனையாளரே. 2015 ஜனவரியில், எஞ்சிய அரைக் கிகாபைற்று மிக மெதுவாகவே இயங்குவதையும் வரைவு அலகுகள் 56 மட்டுமே என்பதையும் என்விடியா ஒப்புக்கொண்டது. பொறியியலாளருக்கும் விற்பனைப் பகுதியினருக்குமிடையே நேர்ந்த தொடர்பாடற் பிழை எனக் காரணங் காட்டிற்று. ஆய்விதழ்கள் முன்னர் அளந்த வேகங்களில் இதனால் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. அவை அளந்தது சரியே, அளக்காது எழுதியதே பிழையாயிற்று. 2016இல் ஐக்கிய அமெரிக்காவில் எட்டப்பட்ட வழக்கிணக்கத்தின்படி, வாங்கியோருக்கு அட்டையொன்றுக்கு 30 டொலர் வழங்க அந்நிறுவனம் உடன்பட்டது.