தகர டப்பாவும் உப்புக்கண்டமும்

1795-ல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு பரிசை அறிவித்தது. படைகளுக்கு அனுப்பும் உணவைக் கெடாமல் காக்க வழி சொல்பவருக்கு 12,000 பிராங்கு. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் பல வருஷம் பாடுபட்டார். உணவைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, வாயை இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்து, 1810-ல் பரிசை வாங்கினார். அதே வருஷம் லண்டனில் பீட்டர் டூரண்ட் தகர டப்பாவுக்கு உரிமை பெற்றார். உணவு ஏன் கெடவில்லை என்று இருவருக்குமே தெரியாது. பாஸ்டர் வந்து கிருமிகளைக் காட்ட இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. டப்பாவைத் திறக்கும் கருவியும் 1855-ல்தான் வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்!

கொங்கு நாட்டுப் பெண்களுக்கு யாரும் பரிசு அறிவிக்கவில்லை. மாரியம்மன் பண்டிகைக்குக் கிடாய் வெட்டினால் ஒரே நாளில் தின்று தீருமா? மிஞ்சிய கறியை எலும்பு நீக்கிக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, ஊசியால் கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவார்கள். காக்கை விரட்டக் கிழவி ஒருத்தி கோலோடு உட்கார்ந்திருப்பாள். நாலைந்து நாளில் சுள்ளியாகக் காய்ந்துவிடும். ஈரம் போன இடத்தில் கிருமிக்கு என்ன வேலை? பானைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும்.

இருட்டிய பிறகு விருந்தாளி வந்தாரா? நாலு துண்டை வெந்நீரில் அலசி, அம்மியில் தட்டி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கினால், கம்மஞ்சோற்றுக்குத் தொடுகறி தயார். மறந்தும் உப்புப் போட்டுவிடக் கூடாது.

தமிழர் அடுக்களைக்குத் தகர டப்பா கடல் கடந்த இடங்களில்தான் வந்தது, அதுவும் மீனாக. டப்பாக் கறி என்றால் உள்ளே மாடா, பன்றியா என்ற சந்தேகம் உண்டல்லவா? மீனுக்கு அந்த வம்பில்லை. சிங்கப்பூரில் 1892-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வியாபாரம் 'அயாம் பிராண்ட்' ஆயிற்று. டப்பாமேல் சேவல், உள்ளே மத்தி! மலாயாவில் அதைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தார்கள். இலங்கையில் டின் மீனுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுகிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் டப்பா வரவேண்டிய ஊர் திருப்பூர். 1925-ல் முதல் பின்னலாடைத் தொழிற்சாலை கண்ட ஊர். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத் திரும்பும் பெண், எப்போது உலை வைப்பாள், எப்போது உண்பாள்? ஆனால் பக்கத்தில் பல்லடமும் உடுமலையும் இருக்கின்றன. 1990-களில் அங்கே ஒப்பந்தக் கோழிப்பண்ணைகள் பெருகின. தெருமுனையிலேயே புதுக்கறி கிடைக்கும்போது டப்பாவை யார் தேடுவார்கள்?

உப்புக்கண்டத்தின் கதை வேறு. கால்மணியில் சமைக்கிறோமே, அந்த அவகாசம் முன்பே ஒருத்தி நாலு நாள் வெயிலில் உட்கார்ந்து சேர்த்து வைத்தது. லைன் வீட்டு ஒற்றை அறையில் கயிறு கட்டவும் இடமில்லை, காக்கை விரட்டவும் ஆளில்லை.

இப்போது அது பாக்கெட்டில் விலைக்கு வருகிறது. பச்சைக் கறியைவிட விலை அதிகம் என்று குறைப்படுகிறார்கள். ஒரு கிலோ காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டம். விலை ஏறாமல் என்ன செய்யும்?