காசுக்கட்டியும் கத்தியும்

1794ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மகசின்' என்ற சஞ்சிகையில் ஒரு கடிதம் அச்சாகியது. கூடவே ஒரு படமும் வந்தது. படத்தில் இருப்பவர் பெயர் கவாஸ்ஜி, மராட்டியர். திப்பு சுல்தானுக்கு எதிரான போரிலே ஆங்கிலப் படையின் எருதுகளை ஓட்டிச் சென்றவர். பிடிபட்டபோது அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு பூனாவுக்குப் பக்கத்திலே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதுமூக்கு வைத்துக் கொடுத்தார்.

செய்த விதம் இப்படி. முதலில் மெழுகினால் மூக்கு அளவுக்கு ஒரு அச்சு. அதைத் தட்டையாக்கி நெற்றியிலே வைத்துச் சுற்றிவரக் கோடு கீறினார். கோட்டின்படி தோலை வெட்டிக் கிளப்பினார். ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவிலே ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார். அதன் வழியாகத்தான் இரத்தம் ஓட வேண்டும். பிறகு அந்தத் தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். இரண்டு ஆங்கில டொக்டர்மார் பக்கத்தில் நின்று இந்த ஒப்பரேசனைப் பார்த்தார்கள்.

இந்த மூக்குக் கதை பலருக்குத் தெரிந்ததுதான். இன்றைய பிளாஸ்ரிக் சேர்ஜரி பற்றிய சரித்திரப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. நான் இங்கே எழுத வந்தது வெட்டி முடிந்த பிறகு பூசியதைப் பற்றி. கடிதத்தில் அதுவும் இருக்கிறது. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, துணிக் கீலங்களில் தடவி, ஐந்தாறு கீலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார்கள். நான்கு நாளைக்கு வேறு மருந்து கிடையாது. அதன்பிறகு அதை எடுத்துவிட்டு நெய்யில் தோய்த்த துணி போட்டார்கள்.

காசுக்கட்டி என்றால் எங்கட அம்மம்மாமாருக்குத் தெரியும், வெற்றிலையோடு போடுவது. சித்த வைத்தியர்கள் கருங்காலி என்று சொல்லும் ஒரு மரத்தின் வைரத்தைச் சீவி, அவித்து, வற்றக் காய்ச்சி எடுக்கிற கட்டி. (நாங்கள் ஊரிலே கதவுக்கும் கதிரைக்கும் பெருமையாகச் சொல்லும் கருங்காலி வேறு மரம்.) வெள்ளைக்காரர் இதற்கு 'ஜப்பான் மண்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது மண்ணும் இல்லை, ஜப்பானில் இருந்து வந்ததும் இல்லை. கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்து வைத்த பெயர்!

அந்தக் கடிதத்திலே மூக்கு இழந்தவர் பெயர் இருக்கிறது. பார்த்த டொக்டர்மார் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்துக் கொடுத்த மனிதனின் பெயர் மட்டும் இல்லை. அவர் என்ன சாதி என்பதோடு விட்டுவிட்டார்கள்.

அவர் செய்ததும் அவருடைய புது யோசனை அல்ல. சுசுருத சங்கிதை என்ற பழைய வடமொழி வைத்திய நூலில் மூக்கு ஒட்டும் முறை இருக்கிறது. அதிலே தோலைக் கன்னத்தில் இருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஒட்டிய பிறகு என்ன தூவ வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்: தண்ணீரைச் சிவப்பாக்கும் பதிமுகக் கட்டைத் தூள், அதிமதுரம், மரமஞ்சளைக் காய்ச்சி எடுத்த சத்து. மேலே வெள்ளைப் பஞ்சை வைத்து நல்லெண்ணெய் விட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, பூசுமருந்து என்பது கத்தி வேலையின் பாதி. அதை எழுதியவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

இலண்டனில் நடந்தது வேறு. ஜோசப் கார்ப்யூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இந்த இந்திய முறையைப் பல காலம் ஆராய்ந்தார். முதலில் இறந்தவர்களின் உடலிலே செய்து பழகினார். 1814 ஒக்டோபர் 23ஆம் திகதி செல்சியில் இருந்த யோர்க் ஆஸ்பத்திரியில், மூக்கு அழிந்துபோன ஒரு இராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். மயக்க மருந்து வருவதற்கு முப்பது வருடத்துக்கு முந்திய காலம். அந்த மனிதர் முழு நினைவோடு படுத்திருந்து வெட்டக் கொடுத்தார். இரண்டாவது ஆள், அல்புவேராச் சண்டையிலே (1811) வாள் வெட்டு வாங்கிய ஒரு கப்டன். இரண்டும் சரிவந்தன. 1816இல் கார்ப்யூ அதைப் புத்தகமாகப் போட்டார். இரண்டு வருடம் கழித்து கிரேஃப் என்ற ஜேர்மன் நிபுணர் இதற்குக் கிரேக்கச் சொற்களில் 'ரைனோபிளாஸ்ரிக்' என்று பெயர் வைத்தார். செங்கல் செய்தவரின் கைவேலைக்கு இப்படி ஒரு ஐரோப்பியப் பெயர் கிடைத்தது.

கத்தி வேலை ஊர் ஊராகப் போனது. காசுக்கட்டிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இங்கத்தைய மருந்துப் புத்தகங்களிலே அது வயிற்றோட்டத்துக்கு உள்ளே கொடுக்கும் மருந்தாகவே இருந்தது.

காசுக்கட்டியில் என்ன இருக்கிறது? துவர்ப்பு. விஞ்ஞானத்திலே ரனின் என்பார்கள். கடுக்காயிலும் மாதுளந்தோலிலும் இருப்பது. அது காயத்தில் பட்டால் மேலே உள்ள புரதத்தை இறுக்கி ஒரு ஆடை மாதிரி மூடும். சிறு இரத்தக் கசிவை நிறுத்தும். மாட்டுத்தோலைப் பதனிடுவதும் இதே சரக்கால்தான். இதைக் கவனியுங்கள், ஏனென்றால் பிறகு ஒரு பாடம் வந்தது. 1925இல் அமெரிக்காவில் டெட்ரோயிட் நகரத்து டேவிட்சன் என்ற டொக்டர், எரிகாயத்துக்கு ரனிக் அசிட் பூசும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இங்கிலாந்திலே எரிந்து வந்த விமானிகளுக்கும் அதையே பூசினார்கள். முகத்திலும் கையிலும் பூசிய இடம் பலகை மாதிரி இறுகிவிட்டது. விரல் மடங்காது, கண்ணிமை மூடாது. இலண்டனுக்குத் தெற்கே ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் ஆஸ்பத்திரியில் இருந்த நியூசிலாந்துக்காரர் மக்கின்டோ இதை எதிர்த்து நின்றார். கடலில் விழுந்த விமானிகளின் காயம் நன்றாக ஆறுவதைக் கண்டு, உப்புத்தண்ணித் தொட்டியில் இருத்தி, வசிலின் தடவிய வலைத்துணி போட்டார். ரனிக் அசிட் ஈரலையும் பாதிக்கும் என்று பிறகு தெரியவர, அதைக் கைவிட்டார்கள்.

மரத்தில் இருந்து வந்ததெல்லாம் நல்லது என்று சொல்லுகிற ஆட்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதினேன். ஒரு மூக்கின் ஓரத்தில் நாலு நாளைக்குத் துணியில் ஒட்டுவது ஒன்று. எரிந்த கை முழுக்கப் பூசி இறுக வைப்பது வேறொன்று. சரக்கு ஒன்றுதான். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கும் இதிலே ஒரு பங்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த பக்டரியில் பொதி ஒட்டும் சூட்டு மெசின் என் இடது புறங்கையைப் பிடித்துவிட்டது. தொடையில் தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். போட்டது மக்கின்டோ காலத்து மாதிரியே ஒரு எண்ணெய் வலைத்துணி. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊரில் இருந்து போன் எடுத்தா.

"தம்பி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் பூசு. தழும்பு இல்லாமல் ஆறும்."

துணி மாத்த வந்த நேர்சிடம் கேட்டேன். அவ சிரிக்கவில்லை. "அதிலே என்னென்ன, எந்த அளவு? எங்காவது எழுதி இருக்குதா?" என்று கேட்டா. தோல் முழுக்கப் பிடிக்கும்வரை வெளிச்சரக்கு ஒன்றும் வேண்டாம், கிருமி போனால் ஒட்டிய தோல் கழன்றுவிடும் என்றும் சொன்னா. நான் பூசவில்லை. அம்மாவுக்குச் சொன்னபோது கோபம்.

"தொண்ணூறாம் ஆண்டு தடை போட்டு மருந்து வராமல் விட்டவங்கள். அப்ப வேப்பிலை அவிச்ச தண்ணியும் மஞ்சளும்தான். நாங்கள் எல்லாம் எப்பிடிச் சுகமானனாங்கள்?"

அம்மா சொல்வது உண்மை. வேறு ஒன்றும் இல்லாத காலத்தில் அதுதான் இருந்தது, பலர் சுகமானார்கள். சுகமாகாதவர்களும் இருந்தார்கள்; அவர்களை யாரும் எண்ணிக் குறித்து வைக்கவில்லை. நேர்ஸ் கேட்ட கேள்வியும் நியாயம். எழுதி இருக்குதா?

இதே கேள்விதான் அமெரிக்காவிலும் வந்தது. 1995 மார்ச் மாதம், மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்கு, மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்க அரசு காப்புரிமை கொடுத்தது. இலக்கம் 5,401,504. இருவரும் இந்திய வம்சாவளியினர். ஒப்பரேசன் காயமும் அதிலே அடங்கும். வருஷப்பிறப்புக்கு மருத்துநீரிலே மஞ்சள் போட்டுத் தலையில் வைக்கும் எங்களுக்கு இது பகிடியாகத் தெரியும். ஆனால் சட்டத்துக்கு முன்னால் 'எங்கட ஆச்சி பூசினவ' என்பது சாட்சி ஆகாது. அச்சில் காட்ட வேண்டும். மசேல்கர் என்ற விஞ்ஞானியின் தலைமையில் இருந்த இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் ஆட்சேபம் போட்டது. தேடித்தேடி 32 எழுத்துச் சான்றுகள் கொடுத்தார்கள். பழைய வடமொழி நூல் முதல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953இல் வந்த கட்டுரை வரைக்கும். 1997 ஓகஸ்டில் அந்தக் காப்புரிமை தள்ளுபடியானது. பிறகு 2001இல் இந்தியா ஒரு பாரம்பரிய அறிவுத் தொகுப்பைத் தொடங்கி, ஆயுர்வேத, சித்த, யூனானி நூல்களில் உள்ள மருந்துகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிய, ஜப்பானிய மொழிகளில் போட்டு வைக்கிறது, காப்புரிமை அதிகாரிகள் வாசிக்கட்டும் என்று.

அங்கே ஒரு அரசாங்கம் இருந்தது, நூல்களும் இருந்தன. எங்கள் பக்கம் எப்படி?

நூல்கள் எங்களிடமும் இருந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்திலே தொகுத்த செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் உண்டு. பரராசசேகரத்தை ஏட்டில் இருந்து எடுத்து அச்சில் போட்டவர் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை. அவர் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்று பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

வெள்ளைக்காரரிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் டொக்டர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, எங்கட பெடியங்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்; பிறகு தமிழில். அதற்காக அவர் தமிழில் ஆக்கிய சத்திரசிகிச்சைப் புத்தகத்தின் பெயர் 'இரண வைத்தியம்', 1867. இரணம் என்றால் காயம், புண். ஒப்பரேசனையும் காயம் ஆற்றுவதையும் ஒரே சொல்லுக்குள் அடக்குகிற பெயர், எனக்கு மிகவும் பிடித்தது. ஏ.எல். வரைக்கும் படித்த எனக்கு இப்படி ஒரு புத்தகம் இருந்தது என்று பள்ளிக்கூடத்திலே யாரும் சொல்லித் தரவில்லை. இலண்டனுக்கு வந்த பிறகுதான் தெரியும். 1873இல் திரும்பிப் போன கிறீன் 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்தியம் செய்த ஊழியர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர்.

1981 ஜூன் மாதம் பிறந்த அந்த இரவிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஏட்டுச்சுவடிகளும் அதிலே போயின. தப்பி ஓடின வீடுகளில் கைவிட்ட ஏடுகள், பரியாரிமாரின் கொப்பிகள் வேறு. அவற்றை யாரும் கணக்கெடுக்கவே இல்லை.

வல்லாரையின் கதை இன்னும் கிட்ட இருக்கிறது. நாங்கள் சம்பலாகச் சாப்பிடும் அதே வல்லாரை. 1940களில் மடகாஸ்கர் தீவிலே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அதில் இருந்து ஏசியாற்றிகோசைட் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அங்கத்தைய சனங்கள் அதைப் புண்ணுக்குப் போடுவதைக் கண்டுதான் தொடங்கினார்கள். தோலைத் தாங்குகிற கொலாஜன் உண்டாவதை அது தூண்டும். அதிலிருந்து வந்த 'மடெக்கசோல்' கிறீம் பாரிசில் இருக்கிற எங்கட உறவினருக்கு நன்றாகத் தெரியும். பாமசியில் காயத்துக்கும் தழும்புக்கும் வாங்குவார்கள். குழாயிலே எத்தனை வீதம் சத்து, எத்தனை தரம் பூசுவது, எந்தக் காயத்துக்குக் கூடாது என்று எல்லாம் எழுதி இருக்கும். அம்மாவின் எண்ணெய்க்கும் அதற்கும் உள்ள தூரம் அந்தக் கடதாசிதான்.

எங்கட ஆட்கள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' நிறுவனம் ஈழத்துப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி எல்லாரும் வாசிக்க வைத்திருக்கிறது. இந்த மலரை வாசிக்கும் வீடுகளில் தாத்தாவின் கைவைத்தியக் கொப்பி, மூலிகைக் கணக்கு எழுதிய பழைய டயறி, ஏடு ஏதும் இருந்தால், எறிய முன்னம் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கான் எடுத்துவிட்டு உங்களிடமே திருப்பித் தரலாம். எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை. கழஞ்சு, பலம், படி என்று பழைய அளவில் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் எங்கட சங்கத்திலேயே இன்னும் இருக்கினம். அம்மாவின் எண்ணெயை நான் போனில் கேட்டு எழுதிவிட்டேன். வேப்பெண்ணெய் எவ்வளவு என்பதற்கு அவ சொன்ன அளவு 'ஒரு சிரட்டை'. எந்தச் சிரட்டை என்று கேட்டிருக்கிறேன்.