ஒரு பொறியைக் கணக்கில் எழுதுவது எப்படி?

பழைய வாகனங்களைத் திருத்துறவர்களிடம் கேட்டால், 'பொயின்ற் எரிஞ்சு போச்சு' எண்டு சொல்லுவார்கள். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற சுற்றில் இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். விலகுகிற ஒவ்வொரு தடவையும் சின்னதாய் ஒரு மின்பொறி பறந்து, முனையைக் கொஞ்சம் கொஞ்சமாய் அரித்துவிடும்.

1943இல், உலகப்போரின் நடுவே, சோவியத் ஒன்றியத்தில் பொரிஸ் லசரென்கோ, நடாலியா லசரென்கோ தம்பதியர் இந்த அரிப்பைத் தடுக்கத்தான் வழி தேடினார்கள். லேசில் உருகாத டங்ஸ்டன் முனைகள்கூட அரிபட்டுக்கொண்டிருந்தன. முனைகளை எண்ணெய்க்குள் வைத்துப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை. ஆனால் காற்றில் விழுந்ததைவிட பொறிகள் ஒரு ஒழுங்கோடு விழுந்தன. நிறுத்த முடியாத அரிப்பை, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு நடக்கவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். மின்பொறியால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம் அப்படித்தான் பிறந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு திரவத்துக்குள் ஒரு மின்வாயும் செதுக்க வேண்டிய உலோகமும் இருக்கும். இடைவெளி தலைமயிரின் தடிப்பளவுகூட வராது. செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் பொறிகள் பாயும். ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய குழியை உருக்கி எடுக்கும். கருவி உலோகத்தைத் தொடுவதே இல்லை என்பதால், எவ்வளவு கடினமான உருக்கும் இதற்கு ஒன்றுதான். பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் அச்சுகள் பல இப்படித்தான் செய்யப்படுகின்றன.

சரி, எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம் கொடுத்தால் எவ்வளவு பெரிய குழி விழும்? செய்து பார்த்துத்தான் பழக வேண்டியிருந்தது. பொறியோ சில மைக்ரோசெக்கன்கள் முதல் சில நூறு மைக்ரோசெக்கன்கள் வரைதான் உயிர்வாழும். அதன் வெப்பம் 10,000 பாகையை எட்டும். உள்ளே வெப்பமானி வைக்க ஏலாது. நேரில் அளக்க முடியாததைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வெப்பம் ஒரு பொருளுக்குள் பரவுவதற்கான சமன்பாட்டை ஃபூரியே 1822இலேயே புத்தகமாக்கியிருந்தார். ஒரு பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வழியை கணிதவியலாளர் ரிச்சர்ட் கூரண்ட் வெளியிட்டது 1943இல், லசரென்கோக்களின் அதே ஆண்டில். இரண்டுக்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. 1960இல் 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயர் பெற்ற முறையும், அதற்குத் தேவையான கணனிகளும் வளர்ந்த பிறகுதான் இரண்டு கதைகளும் சந்தித்தன.

ஆனால் சமன்பாட்டுக்குள் பொறியை என்ன வடிவத்தில் வைப்பது? 1971இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஸ்னோயிஸும் வான் டைக்கும் அதை உலோகத்தின் மேல் வைத்த ஒரு வட்டச் சூடாக எழுதினார்கள். 1989இல் அமெரிக்காவில் டிபிடொன்டோ, யூபாங்க் குழுவினர் கதோட்டில் அதை ஒரே ஒரு புள்ளியாக எழுதினார்கள். அனோட்டிலோ, நடுவில் கூடியும் ஓரத்தில் குறைந்தும், நேரத்தோடு விரியும் வட்டமாக எழுதினார்கள். பொறி ஒன்றுதான், படங்கள் மூன்று.

பொறியின் சக்தியில் எத்தனை பங்கு உலோகத்துக்குள் போகுது என்பது அடுத்த கேள்வி. 1989இன் அந்த ஆய்வுகள் கதோட்டுக்குச் சுமார் 18 வீதம், அனோட்டுக்குச் சுமார் 8 வீதம் என்றன. பரிசோதனைத் தரவுகளோடு பொருத்திப் பார்த்து எடுத்த எண்கள் அவை. பின்னர் வந்த பல கணனி மாதிரிகள் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டன. உருகிய உலோகம் முழுவதும் வெளியேறும் என்று வைத்துக் கணக்கிட்டால், திரையில் வரும் குழி உண்மைக் குழியைவிடப் பெரிதாக வரும். ஏனென்றால் உருகியதில் ஒரு பகுதி அங்கேயே திரும்ப இறுகிவிடுகிறது.

இதனால் மாதிரிகள் வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கணனியில் ஒரே ஒரு பொறியைப் பின்தொடர்ந்தார்கள். பொறிக்கு அருகே மிக மெல்லிய படை ஒன்றில், உலோகம் தாங்கக்கூடிய எல்லையையும் மீறிய தகைப்பு உருவாவதைக் காட்டினார்கள். வெறுங்கண்ணால் பார்த்து இதை யாரும் கண்டுபிடித்திருக்க ஏலாது.

கலைப்பீடத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்கலாம். ஒரு பழைய ஆவணம் கையில் கிடைத்தால், யார் எழுதினது, எதை வைத்து எழுதினது, எதை விட்டது என்று கேட்கப் பழகியவர்கள் நாங்கள். 'கணனி சொல்லுது' என்றதும் ஏன் வாயை மூட வேண்டும்? வெள்ளம், நோய்ப்பரவல், பொருளாதாரம் என்று எல்லாத்துக்கும் மாதிரி வந்துவிட்ட காலம் இது. ஒரு துளிப் பொறிக்கே வட்டமா புள்ளியா என்று மனிதர்கள்தான் தெரிவு செய்தார்கள் என்றால், எங்கட ஊர்களைப் பற்றிய கணக்குகளுக்குள்ளும் அப்படியான தெரிவுகள் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.