பனியன்: ஒரு வெளியூர்ப் பெயர்

திருப்பூரில் யாரையாவது என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். "பனியன் கம்பெனிங்க" என்பார். ஐரோப்பாவுக்குப் போகும் டீ-சர்ட்டைத் தைப்பவரும் அதையே சொல்வார், குழந்தை உடுப்புக்குக் காஜா எடுப்பவரும் அதையே சொல்வார். 'பின்னலாடை' என்ற நல்ல தமிழ்ச் சொல் பெயர்ப்பலகையிலும் செய்தித்தாளிலும் இருக்கிறது. வாயில் வருவது பனியன்தான்.

இந்தச் சொல் முதலில் துணியைக் குறிக்கவில்லை, ஆளைக் குறித்தது. குஜராத்தியில் வணிகருக்கு 'வாணியோ' என்று பெயர். நம் 'வணிக'னுக்கு உறவான சொல். கடல் கடந்து கடை விரித்த அந்த வணிகர்களை அரபியரும் போர்ச்சுகீசியரும் தங்கள் நாவுக்கு ஏற்றபடி 'பனியன்' என்றார்கள். அதாவது, ஊருக்குப் புதிதாய் வந்த வியாபாரி. பாரசீக வளைகுடாக் கரையில், பந்தர் அப்பாஸ் அருகே அவர்கள் கூடிய ஆலமரத்தை ஐரோப்பியர் 'பனியன் மரம்' என்றார்கள். ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதுவே பெயர்.

ஆளிடமிருந்து பெயர் உடுப்புக்குத் தாவியது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் அணிந்த தளர்வான அங்கிக்குப் பனியன் என்று பெயர். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களிடம் அது சுருங்கி உள்சட்டையானது. அவர்களிடமிருந்து நமக்கு வந்தது.

பழைய பாணி பனியன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோளில் தையல் இருக்கும், அடியில் மடித்துத் தைத்திருக்கும், விலாப்பக்கம் மட்டும் தையலே இருக்காது. பின்னல் எந்திரம் வட்டமாகச் சுற்றி, துணியைக் குழாயாகவே இறக்குகிறது. எந்திரத்தின் விட்டம்தான் மார்பளவைத் தீர்மானிக்கிறது. இந்த எந்திரம் வருவதற்கு முன் திருப்பூர் பஞ்சு அரைக்கும் ஊர், பருத்திச் சந்தை. 1932-இல் விடுதலைப் போராட்டத்தில் கொடியோடு அடிபட்டு உயிர்விட்ட குமரனைத் திருப்பூர் தன் பிள்ளையாகக் கொண்டாடுகிறது. அவர் பிறந்தது சென்னிமலை. அவரும் இங்கே வேலைக்கு வந்தவர்தான்.

பிறகு வந்தவர்களைக் கணக்கிட முடியாது. மழை பொய்த்த தோட்டங்களை விட்டுச் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் எந்திரத்தில் நின்று தொழில் கற்று, பிறகு கம்பெனி போட்டவர்கள். மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒரு பனியன் முடிவதற்குள் பின்னல், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று எத்தனையோ கை மாறுகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பட்டறை. அதனால் புதிதாய் இறங்கும் ஆளுக்கும் எங்காவது ஒரு கைவேலை காத்திருந்தது. காட்டு வழிகள் தெருக்களாயின, தெருக்களில் லைன் வீடுகள் எழுந்தன. கொங்கு 'ங்க'வோடு மதுரைப் பேச்சும் கலந்தது. 2011-இல் பக்கத்து ஊர்களான வேலம்பாளையமும் நல்லூரும் மாநகராட்சிக்குள் வந்தன.

இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாமிலிருந்து வருகிறார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் நிற்கும் கூட்டத்தில் அவர்கள் பேச்சுதான் அதிகம் கேட்கிறது. அவர்களுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருக்கிறது: 'வடக்கன்'. இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. திசையைச் சொல்லும் சொல்தான், ஆனால் சொல்லும் விதத்தில் ஓர் எட்டித்தள்ளல் இருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்துபோனவர்கள் மூட்டையோடு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அரசும் காவல்துறையும் மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தையல் எந்திரங்கள் ஆளில்லாமல் நின்றபோதுதான், தன் தொழில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பல முதலாளிகள் எண்ணிப் பார்த்தார்கள்.

வாடகை ஏறிவிட்டது, தண்ணீர் போதவில்லை என்று பழைய குடிகள் சொல்வதும் பொய்யில்லை. அந்தக் குறையை மாநகராட்சியிடம் கேட்போம். பக்கத்து எந்திரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டியது அவர் பெயரை. கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயராலேயே கூப்பிடுங்கள்.