ஹைட்ராலிக் பிரீலோடு அட்ஜஸ்டர்: ஆயில் நிரப்புதலும் ஏர் எடுத்தலும்

ஹைட்ராலிக் பிரீலோடு அட்ஜஸ்டர் என்பது மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை ஆயில் வழியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பு. பின்னால் ஒருவர் அமரும்போதோ பெட்டிகள் ஏற்றும்போதோ, ஸ்பேனர் இல்லாமல் குமிழைக் கையால் திருப்பியே வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தலாம். ஹோண்டா எஸ்டி1300, சுசுகி வி-ஸ்ட்ராம் 650 போன்ற நெடும்பயண வண்டிகளில் இது உண்டு. முன்னழுத்தம் வண்டியின் உயரத்தை மாற்றும். ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது.

செயல்படும் விதம்

குமிழைத் திருப்பினால் திருகாணி ஒன்று சிறிய பிஸ்டனைத் தள்ளும். அதன் முன்னுள்ள ஆயில், குழாய் வழியே ஸ்பிரிங்கின் தலைப்பகுதியில் உள்ள வளைய பிஸ்டனுக்குப் போய் ஸ்பிரிங்கை அமுக்கும். இது பாஸ்கல் விதிப்படி நடப்பது. வளைய பிஸ்டனின் பரப்பு 5 மடங்கு எனில் விசையும் 5 மடங்காகும். ஆனால் சிறிய பிஸ்டன் 5 மி.மீ. நகர்ந்தால் வளையம் 1 மி.மீ. மட்டுமே நகரும்.

பழுது

பெரும்பாலும் இந்தச் சுற்றில் ஆயிலைச் சேமித்து வைக்கும் தனிக் கலம் கிடையாது. எனவே ஓ-ரிங் வழியே சில சொட்டு கசிந்தாலும் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று அமுங்குவதால் குமிழின் முதல் சில திருப்பங்கள் இறுக்கமே இல்லாமல் வெறுமனே சுற்றும்.

நிரப்பும் முறை

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குமிழை மிகக் குறைந்த நிலைக்குத் திருப்ப வேண்டும். அப்போது வளைய பிஸ்டன் அடியில் போய் அமரும். ஆயிலில் அழுத்தம் இராது. அழுத்தம் உள்ளபோது குழாயின் இணைப்பைத் தளர்த்தினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். சில வண்டிகளில் ஷாக் அப்சார்பரையே கழற்ற நேரிடும்.

இணைப்பைக் கழற்றியபின், குழாயின் திறந்த முனையை உயரப் பிடித்து சிரிஞ்சால் மெதுவாக ஆயில் விட வேண்டும். குமிழ்ப் பக்க உருளையையும் அவ்வாறே நிரப்பி, குமிழை முன்னும் பின்னும் திருப்பினால் காற்றுக் குமிழிகள் மேலே வரும். அவை நிற்கும்வரை ஆயிலைச் சேர்த்து, குமிழ் குறைந்த நிலையில் இருக்கும்போதே புதிய வாஷர்களுடன் இணைப்பை இறுக்க வேண்டும். பாதி திருகிய நிலையில் மூடினால் மீதித் திருப்பம் மட்டுமே பயன்படும்.

எந்த ஆயில் என்பதை வண்டியின் சர்வீஸ் கையேடே முடிவுசெய்யும். மினரல் ஆயிலுக்கான நைட்ரைல் ரப்பர் சீல்கள் உள்ள அமைப்பில் கிளைக்கால் வகை பிரேக் ஆயில் விட்டால் சீல்கள் ஊதிக் கெடும். ஷாக் அப்சார்பரின் உடலுக்குள் நைட்ரஜன் உயர் அழுத்தத்தில் இருக்கலாம். அதன் வால்வைத் தொடக்கூடாது.

சரிபார்த்தல்

குமிழ் தொடக்கத் திருப்பங்களிலேயே இறுகி, முழுதும் திருப்பும்போது ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தால் வேலை சரி. சில நாளில் மீண்டும் தளர்ந்தால் ஆயிலைத் திரும்பத் திரும்ப நிரப்பிப் பயனில்லை. ஓ-ரிங்கை மாற்றுவதே தீர்வு.