எல்லையிட்ட எண்கள்: கணினியின் உட்கருவில் ஒரு வரலாறு

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் எஞ்சி நிற்கும் பழைய லயங்களைக் காண்போர், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களைக் காண்பர். கட்டியோர் ஆள் எண்ணிக்கையை ஒரு முறை கணக்கிட்டனர். அந்த எண்ணைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் பதித்துவிட்டுச் சென்றனர். பின்னர் குடும்பங்கள் பெருகின, சுவர் நகரவில்லை. இஸ்தோப்பை அடைத்து அடுப்படியாக்கியதும், காம்பராவுக்குள் சேலையைக் கட்டி மறைப்பு உண்டாக்கியதும் அவ்வெண்ணின் மேல் மக்கள் தாமே செய்துகொண்ட திருத்தங்கள். கணினியின் வரலாற்றிலும் இதனையொத்த ஒரு கதை உண்டு. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியில் ஏனைய செயல்நிரல்களுக்கெல்லாம் அடிப்படையாக நின்று, நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது பணிசெயல் முறைமை. அதன் உட்கருவைக் கேர்னல் என்பர். வட்டு, விசைப்பலகை, தொடர்புத் துறை முதலிய ஒவ்வொரு சாதனத்தோடும் அதன் மொழியிலேயே பேசுவதற்கு உட்கருவுக்குள் அமர்த்தப்பட்ட பகுதி சாதன இயக்கி எனப்படும். தோட்டத்தார்க்கு விளங்கச் சொல்வதாயின், துரைக்கும் மலைக்கும் இடையே நிற்கும் கணக்கப்பிள்ளை போன்றது அது. அவர் கைப்புத்தகத்தில் எத்தனை வரிகள் உண்டோ, அத்தனை பெயர்களே பதியப்படும்.

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடக்கிய யுனிக்ஸ் முறைமையின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதன் எல்லைகள் ஒரு சிறு கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒரே வேளையில் நிகழத்தக்க செயன்முறைகள் 50. முறைமை முழுவதிலும் திறக்கத்தக்க கோப்புகள் 100. ஒரு செயன்முறை திறக்கத்தக்கவை 15. இணைக்கத்தக்க கோப்பு முறைமைகள் 5. இவை இன்று நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆயின் அக்காலத்துப் பீடிபி-11 பொறியின் நினைவகம் மிகச் சிறிது. அட்டவணையை முன்கூட்டியே அளந்து ஒதுக்கிவிட்டால் உட்கருவின் வேலை எளிதாகும், பிழையும் குறையும். அவ்வெண்கள் சிக்கனத்திற் பிறந்தவை. கஞ்சத்தனத்திற் பிறந்தவை அல்ல.

எண்ணை மாற்றுவது எங்ஙனம்? மூலநிரலைத் திறந்து, எண்ணைத் திருத்தி, உட்கருவை மீளத் தொகுத்து, பொறியை நிறுத்தித் தொடக்க வேண்டும். இதற்கு மூலநிரல் கையில் இருத்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு வரிக்கு வரி உரை எழுதி மாணவர்க்குக் கற்பித்தார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையிற் கற்பித்தலைத் தடுத்தது. லயன்ஸின் உரையோ நிழற்படிகளாகக் கைமாறி உலகெங்கும் பரவி, 1996இலேதான் நூலாக வெளிப்படையாக அச்சேறியது. எல்லை எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதை அறிவதற்கே அனுமதி வேண்டியிருந்த காலம் அது.

1991இல் ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், மூலநிரலை யாவர்க்கும் திறந்துவிட்டது. எனினும் எல்லைகள் மறைந்துவிடவில்லை. சாதனங்களை அடையாளங்காட்டும் எண் பதினாறு பிற்றுகளே கொண்டது: எட்டு பிற்று எவ்வகைச் சாதனம் என்பதற்கு, எட்டு பிற்று அவ்வகையில் எத்தனையாவது என்பதற்கு. ஸ்கஸி வகை வட்டு ஒவ்வொன்றும் பதினாறு எண்களை எடுத்துக்கொண்டதால், ஒரு வகையெண்ணின் கீழ் 16 வட்டுகளே அடங்கின. மேலும் வகையெண்களை ஒதுக்கிச் சில காலம் சமாளித்தனர். இஸ்தோப்பை அடைத்தது போன்றதே இது. 2003 டிசம்பரில் வந்த 2.6ஆம் பதிப்பு அவ்வெண்ணை 32 பிற்றுகளாக்கி, பன்னிரண்டும் இருபதுமாகப் பங்கிட்டது. அப்போதுதான் சுவர் நகர்ந்தது.

கோப்பொன்றையே வட்டாகக் காட்டும் லூப் இயக்கியின் கதை இன்னும் தெளிவானது. அதன் இயல்பான எல்லை 8. ஒன்பதாவதை வேண்டுவோர், இயக்கியை ஏற்றும்போது ‘மெக்ஸ் லூப்’ என்னும் அளபுருவின் வழியாக 256 வரை கேட்கலாம், மூலநிரலைத் தொடவேண்டியதில்லை. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் எத்தனை வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் பொறியில் எண்ணம் மாறினால் பயனில்லை. 2007இல் 2.6.22ஆம் பதிப்பில், வேண்டும்போது வேண்டியவாறு புதிய லூப் சாதனம் ஆக்கும் முறை வந்தது. 2011இல் 3.1ஆம் பதிப்பு, வெறுமையான ஒன்றைத் தருமாறு உட்கருவைக் கேட்பதற்கென்றே ஒரு வாயிலை அமைத்தது.

தொடர் துறைகளை ஆளும் 8250 இயக்கியில் வேறொரு விநோதம் காணப்படும். தனியாள் கணினிகளின் பழைய மரபை ஒட்டி அதன் இயல்பெல்லை 4. தொடக்கத்தின்போது அளபுரு கொடுத்து இதனைக் கூட்டலாம். ஆனால் தொகுக்கும்போது எழுதப்பட்ட உச்ச எண்ணைத் தாண்ட முடியாது. கையிற் கொடுத்த திருகாணிக்கும் மேலே காணாத ஒரு திருகாணி இருக்கிறது.

அவ்வாறாயின் எல்லையே வேண்டாம் எனலாமோ? அதுவும் பொருந்தாது. போலி முனையங்கள் என்பவை பழைய முறையில் 256 இணைகளே. பின்வந்த முறையில் அவை தேவைக்கேற்பப் பிறக்கின்றன. ஆயினும் 4096 என்னும் இயல்பான உச்சவரம்பு வைக்கப்பட்டது. பிழைபட்ட ஒரு நிரல் ஓயாமல் முனையங்களை ஆக்கி நினைவகத்தை விழுங்காதிருத்தற்கே இது. இவ்வெண்ணைப் பொறி இயங்கும்போதே மாற்றலாம். ஆனால் முறைமையின் நிருவாகி மட்டுமே மாற்றலாம். சாதாரணப் பயனர் அவ்வெண்ணைக் காணலாம், தொடலாகாது.

இவ்விடத்தில் மலையகத்தார்க்கு ஒன்று நினைவுக்கு வராமற் போகாது. நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கோ தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறியது. குறித்த கிலோ நிறையாத நாளுக்கு அரைப்பேர். கணினியாளர் மொழியிற் சொன்னால், இதுவும் மாற்றத்தகும் எல்லையே. லயத்தின் சுவரைப்போல இறுகியதன்று. மிக எளிதாக நகர்ந்தது. அது நகர்ந்த திசையைத் தராசின் மறுபக்கம் நின்ற பெண்கள் முடிவு செய்யவில்லை. ஆகவே, மாற்றத்தக்கதாக எல்லையை எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது எனக் கருதும் பொறியியலாளரோடு யான் முற்றாக உடன்படேன். திருகாணி எவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டது என்பதையும் உடன் கேட்டல் தகும். லூப் இயக்கியின் திருத்தம் மேம்பட்டது என யான் கருதுவதும் இதனாலேயே: அங்கே எண்ணைக் கேட்டறியும் தேவையே நீக்கப்பட்டது.

பழைய 8 இன்றும் லினக்ஸின் மூலநிரலில் இருந்து அழிந்துவிடவில்லை. முன்னர் அதற்கு மேல் இல்லை எனப் பொருள்பட்ட அவ்வெண், இப்போது இயக்கி எழும்போது முன்னதாக ஆக்கிவைக்கும் சாதனங்களின் இயல்பான எண்ணிக்கையாக நிற்கிறது. விரும்புவோர் அதனைச் சுழியாக்கலாம்.